அத்தை முகத்துக்கு ஒரு பழைய லென்ஸ்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. உற்றுப் பார்த்தால், பாட்டியின் இடது தோளின் மேல் யாரோ ஒருவருடைய கை இருப்பது தெரியும். கைக்குச் சொந்தக்காரர் படத்தில் இல்லை. அவர் என் பெரியப்பா. கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் பதினேழு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பாட்டியை, காரியத்துக்கு நாள் நெருங்கிவிட்ட அவசரத்தில் ஸ்டூடியோக்காரர் தனியே வெட்டியெடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். பெரியப்பாவை நீக்கிவிட்டார், கையை நீக்க அவகாசம் இல்லை போலிருக்கிறது. முகமோ, அடுப்புப் புகைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல் இருக்கும். எண்பத்தோரு வருஷம் வாழ்ந்த மனுஷிக்குத் தனியாக ஒரு படம் கிடையாது என்பது, அவள் போன பிறகுதான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது.

இந்த வருஷம் தை மாதம் அத்தைக்கு எண்பது நிறைந்தது. அன்று ராத்திரி என் செல்போனைப் புரட்டிப் பார்த்தேன். அத்தை இருக்கும் படங்கள் இருநூறுக்கு மேல் தேறின. அத்தனையிலும் தேடியும் எனக்குத் தெரிந்த அத்தையைக் காணோம். சிலவற்றில் மூக்கு முன்னால் வந்து நிற்கிறது, காதுகள் பின்வாங்கிவிட்டன. சிலவற்றில், முகத்துக்கு நேரே நீட்டிய செல்போனைப் பார்த்து, ஆபீசரிடம் பதில் சொல்லப் போகிறவள் போல் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டே தனக்குத் தானே சிரித்துக்கொள்வாளே, அந்த அத்தை ஒன்றில் கூட இல்லை. சுவரில் இருந்த பாட்டியை நிமிர்ந்து பார்த்தேன். தோளின் மேல் அந்தக் கை. இந்தத் தடவை அப்படி விடப் போவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

லென்ஸ், காமிரா என்றதும் "இது ஆண்கள் சமாசாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! ஒரு முழ டேப்பும், ஒரு டார்ச் விளக்கும், கத்தரிக்காய் வாங்கும்போது நீங்கள் காட்டுகிற அந்தக் கறார்த்தனமும் இருந்தால் போதும். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீங்கள் படாமலே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் மூக்கு விஷயம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே சுமார் 12 சென்டிமீட்டர் இருக்கும். செல்போனை 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் மூக்கு 40-ல் இருக்கிறது, காது 52-ல் இருக்கிறது. ஆகவே, காதுக்குப் பக்கத்தில் மூக்கு 30 சதவிகிதம் அதிகப்படியாகப் பெருத்து விழும். அதே முகத்தை எட்டடி தள்ளி நின்று எடுங்கள். அந்த அதிகப்படி வெறும் 5 சதவிகிதம் ஆகிவிடும். பாவம், எல்லாரும் லென்ஸைத் திட்டுகிறார்கள். முகத்தைக் கெடுப்பது லென்ஸ் அல்ல. கிட்டத்தில் போய் நிற்பதுதான்.

சரி, எட்டடி தள்ளி நின்றால் முகம் படத்தில் பொட்டளவு ஆகிவிடுமே? அதற்காகத்தான் சற்றே தூரத்தை இழுத்துக் கொடுக்கும் லென்ஸ் வேண்டியிருக்கிறது. மலை மேல் பறவையைப் படம் பிடிக்கிற நீளக் குழாய் அல்ல. 85 மில்லிமீட்டரிலிருந்து 135 மில்லிமீட்டர் வரையில் உள்ள சின்ன டெலிபோட்டோ. விலை உயர்ந்த செல்போன்களில் இப்போது இதற்கென்று ஒரு தனிக் கண் வைத்திருக்கிறார்கள் என்பது வாஸ்தவம். பின்புலத்தைக் கணக்குப் போட்டு மங்கலாக்கவும் செய்கிறது. ஆனால் அந்தக் கணக்கு, அத்தையின் நெற்றியோரத்தில் பறக்கும் நரை முடியை முடியென்று எடுத்துக்கொள்வதா, பின்னால் உள்ள ஜன்னல் திரையென்று எடுத்துக்கொள்வதா என்று திகைத்து, பாதியை வெட்டிவிடுகிறது.

என்னிடம் சித்தப்பா பிள்ளையிடமிருந்து கைமாறி வந்த ஒரு மிரர்லெஸ் காமிரா இருந்தது. அதற்குத் தானாக ஃபோகஸ் செய்கிற புது லென்ஸ் வாங்கலாம் என்று விலை விசாரித்தேன். விசாரித்ததோடு சரி! "பழைய லென்ஸ் பாருங்கள், கையால் திருப்புகிற ரகம், சல்லிசாகக் கிடைக்கும்" என்றார் எங்கள் ஆபீஸ் போட்டோகிராபர்.

கிடைத்தது. கிடைத்த லட்சணத்தைக் கேளுங்கள்.

முகத்துக்கு 85 மில்லிமீட்டர்தான் ராஜா என்று எங்கேயோ கேட்டிருந்தேன். ஒரு கடையில், எஃப் 2 அளவுக்கு வாய் திறக்கும் 85 ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருந்தது. கடைக்காரர் அதைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார். முன் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பெயரும் பெரிய பெயர். வாங்கி வந்து, ஜன்னலுக்கு நேரே அத்தையை உட்கார வைத்து எடுத்தேன். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி அதன் வழியாக எடுத்தது போல் ஒரு படம் வந்தது. இரண்டாவதும் அப்படியே. "என் கண்ணுக்குத்தான் புரை என்று நினைத்தேன், உன் மிஷினுக்கும் வந்துடுத்தா?" என்றாள் அத்தை. டார்ச்சை அடித்துப் பார்த்தால், உள்ளே, துடைக்க முடியாத இடத்தில், சிலந்தி வலை மாதிரி பூசணம் படர்ந்திருந்தது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பெயரைப் பார்த்து வாங்கினேனே தவிர, சாமானைப் பார்த்து வாங்கவில்லை. குற்றத்தில் பாதி என்னுடையது.

அதற்குப் பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். அத்தை உட்காருவது கூடத்து ஜன்னலோரத்து நாற்காலியில். அங்கேதான் காலை வெளிச்சம் வரும். அந்த நாற்காலியிலிருந்து எதிர்ச் சுவர் வரையில் டேப்பைப் பிடித்து அளந்தேன். ஒன்பதரை அடி. நான் நிற்க ஓரடி வேண்டும். மீதி எட்டரை. ஆக, என் லென்ஸைத் தீர்மானிக்க வேண்டியது ஜெர்மனியும் ஜப்பானும் அல்ல. இந்த எட்டரை அடிதான்!

இதற்கு ஒரு சுலபக் கணக்கு சொல்கிறேன். தலையும் தோளும் மார்பு வரை விழ, உயரவாட்டில் இரண்டடி படத்துக்குள் வந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காமிரா, பழைய பிலிம் அளவுக்கே பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் ஜாதியா? அப்படியானால் லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மில்லிமீட்டரை 18-ஆல் வகுங்கள். சிறிய சென்சார் உள்ள ஏ.பி.எஸ்-சி ஜாதியா? 12-ஆல் வகுங்கள். வருகிற விடைதான் நீங்கள் நிற்க வேண்டிய தூரம், அடிக்கணக்கில். 85-ஐ 18-ஆல் வகுத்தால் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. 135-ஐ 18-ஆல் வகுத்தால் ஏழரை. அதே 135-ஐச் சிறிய சென்சாரில் பூட்டினால் பதினோரு அடிக்கு மேல் வேண்டும்.

என்னுடையது சிறிய சென்சார். இந்தக் கணக்கு புரிவதற்கு முன்பே ஆபீஸ் போட்டோகிராபரிடம் 135 ஒன்றை இரவல் வாங்கி வந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து, சமையலறைக்குள் போய், அடுப்பு மேடையில் முதுகு இடிக்க நின்று படம் எடுத்தேன். அதுவும் எஃப் 2.8 லென்ஸ், நல்ல கனம். "ஏண்டி, படம் எடுக்கிறாயா, பீரங்கி சுடுகிறாயா?" என்று கேட்டாள் அத்தை. லென்ஸ் பெரிதாக இருந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மாறிவிடும் என்பது அன்று நான் கற்ற இரண்டாவது பாடம்.

ஃபுல் ஃபிரேம் காமிரா வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்றுதான்: 135 மில்லிமீட்டர், எஃப் 3.5. பழைய லென்ஸ்களில் இதை விடச் சல்லிசான சரக்கு கிடைப்பது அரிது. இது மட்டமானது என்பதால் மலிவு அல்ல. ஏராளமாகச் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். ரேஞ்ச்ஃபைண்டர் காமிராக்களின் காலத்தில், துல்லியமாக ஃபோகஸ் செய்யக்கூடிய மிக நீள லென்ஸ் 135-தான். அந்தப் பழக்கத்தில், பிற்பாடு எஸ்.எல்.ஆர். காமிராக்கள் வந்தபோதும், 50 மில்லிமீட்டருக்கு அடுத்தபடி ஒவ்வொரு வீட்டிலும் வாங்கிய இரண்டாவது லென்ஸ் அதுவாகவே இருந்தது. அப்புறம் ஜூம் லென்ஸ்கள் வந்தன. 135-கள் பரணுக்குப் போயின. தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிற பண்டம் விலை இறங்குவது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? தக்காளி மாதிரிதான்.

"எஃப் 3.5 என்றால் இருட்டாயிற்றே?" என்பார்கள். வாஸ்தவம்தான். எஃப் 1.8 லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இது விடும். பிலிம் காலத்தில் அது பெரிய குறை. இன்றைய சென்சாரில் ஐ.எஸ்.ஓ.வை 1600 என்று வைத்துவிட்டு நிம்மதியாக எடுக்கலாம். எஃப் 1.4 என்று போட்ட 85-க்குக் கொடுக்கிற விலையில், எஃப் 3.5 லென்ஸ் வாங்கி, மிச்சத்தில் ஜன்னலுக்குப் புது வெள்ளைத் திரையும் வாங்கிவிடலாம். முகத்துக்கு நல்லது செய்வது அந்தத் திரைதான்.

பெயர்கள் வேண்டுமென்றால் சொல்கிறேன். ஜெர்மனியில் ஜெனா நகரத்து கார்ல் ஸைஸ் செய்த ஸொனார் 135 எஃப் 3.5, ஒரு மீட்டர் கிட்டம் வரையில் ஃபோகஸ் ஆகும். மூக்குத்தியை மட்டும் எடுக்கவும் உதவும். ரஷ்யாவின் ஜூபிடர்-37ஏ-யும் அதே 135 எஃப் 3.5, உள்ளே பன்னிரண்டு இதழ்கள் இருப்பதால், மங்கிய பின்புலத்தில் விளக்குகள் முட்டையும் முக்கோணமுமாக இல்லாமல் வட்டமாக விழும். ஜப்பானில் அஸாஹி கம்பெனியின் சூப்பர் டக்குமார், மினோல்டாவின் ரொக்கார், கேனனின் எஃப்.டி. என்று எல்லாரும் ஒரு 135 எஃப் 3.5 செய்திருக்கிறார்கள். இவற்றில் எது உசத்தி என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. கண்ணாடி சுத்தமாக இருக்கும் எது கைக்குக் கிடைக்கிறதோ அதுதான் உசத்தி என்பது என் கட்சி.

85-ல் மலிவாக வேண்டும் என்று தேடுகிறவர்கள் ஜூபிடர்-9-ல் வந்து நிற்பார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. 1930-களில் லுட்விக் பெர்ட்டெலே என்ற நிபுணர் ஸைஸ் கம்பெனிக்காக வகுத்த ஸொனார் 85 எஃப் 2-தான் அதற்கு மூலம். 1945-ல் யுத்தம் முடிந்ததும், ஸைஸ் தொழிற்சாலைகளின் யந்திரங்களையும் நுட்பங்களையும் நஷ்டஈடாக ரஷ்யர்கள் கொண்டுபோனார்கள். ஜெர்மன் ஸொனார் ரஷ்ய ஜூபிடர் ஆயிற்று. பதினைந்து இதழ்கள், வாயை முழுக்கத் திறந்தால் சுருக்கங்களை மிருதுவாக்கி, மெல்லிய பனி போட்டாற்போல் முகத்தைக் காட்டும். வயது சொல்லப் பிரியப்படாதவர்களுக்குத் தோதான லென்ஸ். ஆனால் யார் யாரோ பிரித்துச் சரியாகச் சேர்க்காமல் விட்டவை சந்தையில் அதிகம். உள்ளே கிரீஸ் இறுகித் திருக முடியாமல் இருப்பதும் உண்டு. படம் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நிகான் கம்பெனியின் நிக்கார் 105 எஃப் 2.5-ஐயும் சொல்லியாக வேண்டும். 1959-ல் நிகான் எஃப் காமிராவோடு வந்து, 1971-ல் உள்கண்ணாடி அமைப்பு மாறி, பல பத்து வருஷங்கள் விற்ற லென்ஸ். பாகிஸ்தானில் ஓர் அகதி முகாமில் 1984-ல் ஸ்டீவ் மக்கரி எடுத்த, பச்சைக் கண் ஆப்கான் சிறுமியின் படம் இதில் எடுத்ததுதான். 1985 ஜூன் நேஷனல் ஜியாக்ரபிக் அட்டையில் அது வந்தது. உலகமெல்லாம் அந்தக் கண்களைப் பார்த்தது. ஆனால் 2002 வரையில் அந்தப் பெண்ணின் பெயர் கூட யாருக்கும் தெரியாது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். லென்ஸ் நல்ல லென்ஸ். பிரசித்தி காரணமாக 135-களை விட விலை கூடுதல்.

சிறிய சென்சார்க்காரர்களே, உங்களுக்கு ஒரு ரகசியம். கடைக்குப் போகுமுன் பரணைப் பாருங்கள். அப்பாவோ மாமாவோ வைத்திருந்த பழைய காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று பூட்டியபடியே தூங்கிக்கொண்டிருக்கலாம். உங்கள் காமிராவில் அது 75 மில்லிமீட்டர் மாதிரி வேலை செய்யும். ரஷ்ய ஹீலியோஸ்-44 என்ற 58 மில்லிமீட்டர் லென்ஸ் லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. அது 87 மாதிரி ஆகிவிடும். செலவே இல்லாமலோ, அற்பச் செலவிலோ காரியம் முடிந்துவிடும். 58-ஐ 12-ஆல் வகுத்தால் ஐந்தடி. சின்ன அறைக்குப் பொருத்தம்.

என் பரணில் அம்மாவின் பித்தளை அண்டாதான் இருந்தது. எட்டரை அடிக்கு 100 சரியாக வந்தது. ஒலிம்பஸ் ஓ.எம். காமிராவுக்காகச் செய்த ஸூய்கோ 100 எஃப் 2.8 ஒன்றைத் தேடிப் பிடித்தேன். 230 கிராம்தான். வலது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பழைய லென்ஸ்களில் இது அடிமட்ட விலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் ஏமாந்த 85-க்குக் கொடுத்ததை விடக் குறைவாகவே ஆயிற்று. இதை வாங்கும்போது நான் செய்த சோதனையைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

செல்போன் டார்ச்சே போதும். லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சர் வளையத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சத்தை அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். நாலு தூசு தெரிந்தால் பயப்படாதீர்கள். படத்தில் ஒன்றும் தெரியாது. முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இருந்தாலும் பாதகமில்லை. அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்! பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் யோசிக்க வேண்டும். நூல் நூலாக, வேர் விட்டாற்போல் தெரிந்தால் பூசணம், வேண்டவே வேண்டாம். பிரித்துத் துடைத்தாலும் அது அரித்த தடம் கண்ணாடியில் நின்றுவிடும். மூச்சு விட்டாற்போல் ஒரே சீராக வெளுத்திருந்தால் அதுவும் வேண்டாம். ஓரத்தில் எண்ணெய்ப் படலம் மாதிரி வானவில் நிறம் தட்டினால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது இதழ்கள். வளையத்தைத் திருகி மூடித் திறந்து பாருங்கள். எண்ணெய் மினுக்கம் இருந்தால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு சோம்பேறித்தனம் செய்யும். பிறகு ஃபோகஸ் வளையம். கம்பிப் பதத்துப் பாகில் கரண்டி சுற்றுவது போல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சீராக இழுக்க வேண்டும். நடுவில் சிக்கினாலும், லொடலொடவென்று ஆடினாலும் கீழே வையுங்கள். தூரத்து ஊரிலிருந்து தருவிப்பதானால், டார்ச் அடித்த படம் அனுப்பச் சொல்லுங்கள். "படமெல்லாம் எதற்கு, நம்பி வாங்குங்கள்" என்கிற ஆசாமியிடம் நம்பாமலே இருந்துவிடுவது சிலாக்கியம். அயல்நாட்டிலிருந்து வருவதற்குச் சுங்க வரி உண்டு என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் காமிராவில் பூட்டிக்கொள்ளாவிட்டால் என்ன பிரயோஜனம்? மிரர்லெஸ் காமிரா வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. அவற்றில் லென்ஸ் பூட்டும் வாய்க்கும் சென்சாருக்கும் நடுவே 16 முதல் 20 மில்லிமீட்டர்தான் தூரம். பெரும்பாலான பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸ்களுக்கு 42 முதல் 46.5 மில்லிமீட்டர் வரை வேண்டும். நடுவில் மிச்சமிருக்கிற இடத்தை ஓர் அடாப்டர் வளையம் நிரப்பிவிடும். அதில் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் உலோகம், விலையும் அற்பம். டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எம்42 என்கிற திருகு மறை லென்ஸுக்கு வேண்டியது 45.46 மில்லிமீட்டர். கேனன் டி.எஸ்.எல்.ஆரில் 44 இருப்பதால் அது பொருந்தும், நிகானில் 46.5 இருப்பதால், தூரத்துப் பொருள் தெளிவாக விழாது. கேனனின் சொந்தப் பழைய எஃப்.டி. லென்ஸே கேனன் டி.எஸ்.எல்.ஆரில் நேராகப் பொருந்தாது என்பது வேடிக்கைதான். 1977-க்கு முந்தைய நிக்கார்களை மாற்றம் செய்யாமல் பிற்கால நிகான் டி.எஸ்.எல்.ஆர். பலவற்றில் திருகினால், காமிராவின் சிறு உறுப்பு ஒன்று முறியலாம்; கேட்டுக்கொண்டு பூட்டுங்கள்.

பூட்டியவுடன் காமிரா "லென்ஸ் இல்லை" என்று முரண்டு பிடித்தால் பதற வேண்டாம். பழைய லென்ஸுக்குக் காமிராவோடு பேசும் பாஷை தெரியாது. லென்ஸ் இல்லாமல் படம் எடுக்க அனுமதி என்று மெனுவில் ஒரு வரி இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள்.

பிறகு ஒரு வாரம் சாதகம் செய்ய வேண்டும். நான் கொலு பொம்மைச் செட்டியாரை நாற்காலியில் உட்கார வைத்துப் பழகினேன். எட்டரை அடியில், எஃப் 2.8-ல், தெளிவாக விழும் ஆழம் ஏழு சென்டிமீட்டர்தான். எஃப் 4 என்று வைத்தால் பத்து. கண் தெளிந்தால் காது மங்கும். காமிராத் திரையில் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. அதில் கிட்டத்துக் கண்ணின் இமை முடியைப் பார்த்து நிறுத்த வேண்டும். கை ஆட்டத்துக்காக ஷட்டரை 200-ல் ஒரு செகண்டுக்குக் குறையாமல் வைத்தேன். செட்டியார் பொறுமைசாலி. அத்தை அப்படியல்ல.

"அத்தை, உன்னைப் படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? மாலை போடவா?"

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை. அவளே சுவரைத் திரும்பிப் பார்த்தாள். தன் அம்மாவின் தோளில் இருந்த தன் அண்ணன் கையைப் பார்த்தாள். "சரி, எடு. ஆனால் நான் என் வேலையைப் பார்த்துண்டிருப்பேன். சிரி, திரும்புன்னு சொல்லப்படாது" என்றாள்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அவள் முறத்தில் முருங்கைக் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டரை அடி தள்ளி, சுவரில் சாய்ந்து நான் நின்றேன். முதல் பத்து நிமிஷம் என்னை ஒரக்கண்ணால் பார்த்தாள். பிறகு மறந்துவிட்டாள். அதுதான் அந்தத் தூரத்தின் மகிமை. முகத்துக்கு நேரே யாரும் எதையும் நீட்டவில்லை. அறுபத்திரண்டு படம் எடுத்தேன். ஐம்பதுக்கு மேல் ஃபோகஸ் தவறியவை, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒன்றில், காம்பு ஒன்றைக் கிள்ளும்போது எதையோ நினைத்துக்கொண்டு சிரிக்கிறாள். சின்ன வயசில் ஊஞ்சல் பலகை பட்ட வலது புருவத் தழும்பு தெரிகிறது. மூக்குத்தி தெரிகிறது. நெற்றியோரத்து நரை, ஒரு முடி வெட்டுப்படாமல் அப்படியே இருக்கிறது.

பெரிய அளவில் அச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "எங்க அம்மா மாதிரி இருக்கேன்" என்றாள். பிறகு, தோள் பக்கம் விரலை வைத்து, "கை ஒண்ணும் இல்லையே?" என்று உறுதி செய்துகொண்டாள்.

லென்ஸைப் பத்திரப்படுத்துவது பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கூடவே வந்த தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூசணத்துக்குக் கொண்டாட்டம். ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். அரிசியில் புதைத்தால் ஈரம் போகிறதோ இல்லையோ, தவிடு லென்ஸுக்குள் போகும். நீல மணி சிலிகா ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். சூடு காட்டினால் மறுபடி உதவும். ஆனால் அந்த நீலச் சாயம் விஷம். சமையல் வாணலியில் வறுக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டவும் விடாதீர்கள். மாதம் ஒரு முறையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்; காற்றும் வெளிச்சமும் படுகிற லென்ஸில் பூசணம் லேசில் அண்டாது.

எனக்கு அந்தக் கவலை இருக்காது போலிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு மாமி வருகிறார். தனக்கும் ஒரு படம் வேண்டுமாம். நாற்காலியை அத்தையே ஜன்னலோரம் இழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள்.